நாற்பதில் நின்ற எண்

ரிமோட்டை எத்தனை தடவை அழுத்தினாலும் பெட்டியின் முகப்பில் எண் அசையவில்லை. நாற்பது. ஆவுடையப்பன் கட்டைவிரலை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்த்தார், கையை நீட்டி அழுத்தினார், எழுந்து இரண்டு எட்டு முன்னால் போய், மாட்டுக்குப் புல் நீட்டுகிற மாதிரி அதன் மூக்குக்கு நேரே நீட்டி அழுத்தினார். நாற்பது. சாயங்காலம் நாலு மணிக்குத் தூத்துக்குடியில் இருந்து ஒருவன் வருகிறான், பெட்டியை வாங்கிக்கொண்டு போக. ரிமோட் வேலை செய்தால்தான் எடுப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டான். மணி இப்போது பத்தரைதான், அவசரமில்லை, ஆனால் இந்தப் பெட்டி இனி ஒரு நாள் கூட இந்த வீட்டில் இருக்கக் கூடாது. ஏழு மாதம் இருந்ததே அதிகம். ஏழு மாதமாக அதன்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி, பிடுங்கிப் போட்ட ப்ளக் பிடுங்கியபடியே கிடக்க, அந்தப் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டார், தூங்கினார், எழுந்தார். கொலை செய்தவனை வீட்டுக்குள் வைத்துச் சோறு போடுகிற மாதிரி. அது என்னப்பா செய்யும், வெறும் தகரமும் கம்பியும்தானே என்று மகள் ஓசூரில் இருந்து போனில் சொன்னாள். தகரமும் கம்பியும்தான். முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் துணைமின் நிலைய ஆபரேட்டராகத் தகரத்தோடும் கம்பியோடும் குடித்தனம் நடத்தியவருக்கு அது என்ன செய்யும் என்று மகள் சொல்லியா தெரிய வேண்டும்.

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் அகலம். இசைத்தட்டின் மேல் ஓடுகிற முள் எழுப்புகிற சத்தம் எறும்பு ஊர்கிற அளவுதான், அதை ஆம்பிளிஃபயருக்கு அனுப்பும் முன் தூக்கிக் கொடுப்பது இதன் வேலை. பிரீஆம்ப் என்று பெயர். எவ்வளவு தூக்குவது என்பதற்குக் கெயின் என்று பெயர், நாற்பதில் ஆரம்பித்து அறுபத்தாறு வரை போகும், முகப்பில் உள்ள குமிழைத் திருகினாலும் மாறும், ரிமோட்டை அழுத்தினாலும் மாறும். கோயம்புத்தூரில் மயில்சாமி என்று ஒருவர் சின்னப் பட்டறை வைத்துக் கையாலேயே செய்து தருகிறார். உலகம்மாளுக்குப் பிரீஆம்ப் என்ற பேரே வாயில் நுழையாது. 'என் சக்களத்தி எந்திச்சாச்சா?' என்பாள், காலையில் அவர் அதன் பக்கம் போகும்போதெல்லாம். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். பெட்டிக்கும் ரிமோட்டுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, ரப்பர் பேண்டு மாட்டி, தூசி படாமல் வைத்ததும் அவள்தான். சக்களத்தியை இவ்வளவு சீராட்டியவளை ஊரில் எங்கே பார்க்க முடியும். இப்போது உறைக்குள் ரிமோட், ரிமோட்டுக்குள் புது பேட்டரி, பேட்டரிக்கு நேற்றுத்தான் கடைக்குப் போய் வந்தார், அப்படியும் நாற்பது. உறையைக் கழற்றினார். கழற்றும்போது ரப்பர் பேண்டு மக்கிப் போய்க் கையோடு பிய்ந்து வந்தது, அவள் மாட்டியது, ஏழு மாதத்துக்குள் ஒரு ரப்பர் பேண்டு இப்படி ஆகிவிடுமா என்று அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்பது எப்படி? அவர் வைத்தது அறுபது. அந்த ஐப்பசிச் சனிக்கிழமையை அவரால் மறக்க முடியுமானால் வேறு எதையும் கேட்கமாட்டார். ஆயுத பூஜையில் இருந்தே ரிமோட் மக்கர், அதனால் எழுந்து போய்க் குமிழைக் கையால் திருகினார். ஐம்பது, ஐம்பத்து நாலு, அறுபது. நாகஸ்வரத் தட்டு. முள்ளை இறக்கிவிட்டுப் பிரம்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார், கண்ணை மூடினால்தான் காது திறக்கும் என்பது அவர் கொள்கை. திறந்தபோது தட்டு முடிந்திருந்தது, முள் கடைசி வளையத்தில் போய்ப் போய் மோதிக்கொண்டிருந்தது, தட்டைத் திருப்பிப் போட எழுந்தார். எழுந்தவர் திரும்பினார். நாற்காலிக்குப் பின்னால், பின்கட்டுக்குப் போகிற நிலைப்படிக்கு இந்தப் பக்கம், உலகம்மாள் குப்புறக் கிடந்தாள். துணி துவைத்த கை, விரல் நுனியெல்லாம் ஈரத்தில் வெளுத்திருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். ஒரு நிமிஷத்தில் போயிருக்கலாம், பத்து நிமிஷமும் ஆகியிருக்கலாம், அதைச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் ஆவுடையப்பன் ஏழு மாதமாகக் குடியிருக்கிறார். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் கூப்பிட்டாள். கூப்பிடாமல் இருந்திருப்பாளா? 'இந்தாருங்க' என்றுதான் கூப்பிடுவாள், கல்யாணமான நாள் முதல் அவருக்கு அதுதான் பெயர். இந்தாருங்க என்று அவள் கூப்பிட்டிருக்கிறாள், அறுபதில் வைத்த நாகஸ்வரம் அதை விழுங்கியிருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. வந்தவர்கள் எல்லாரும் பாட்டு ஓடிச்சுல்லா, அதான் கேக்கல, பாவம் என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டு போனார்கள், பாவம் என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இவர் எழுந்து நடமாடுகிறார். அது நிழலா நெருப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

மயில்சாமியைப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு, போனை வாயருகே பிடித்துக்கொண்டார். "சொல்லுங்க சார், நல்லாருக்கீங்களா? ரொம்ப நாளாச்சுங்க" என்றது போன், அது கூட 'என்னது' என்று அவர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் புரிந்தது. இந்தக் கோயம்புத்தூர்க்காரர்கள் மரியாதையாகப் பேசுகிறோம் என்று முனகுகிறார்கள், அதோடு டவரும் சரியில்லை, பாளையங்கோட்டையில் எந்தக் கம்பெனி டவர்தான் சரியாக இருக்கிறது. சத்தமாகப் பேசும் என்றார். மயில்சாமி சத்தமாகப் பேசினார். பேட்டரி புதுசுங்களா? புதுசு. அப்ப ஒரு வேலை பண்ணுங்க, போன்ல கேமராவத் திறந்து, ரிமோட்டோட நெத்திய அதுக்கு நேராக் காட்டி, பட்டன அமுக்கிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கேமராவுல தெரியும்ங்க. செய்தார். கையில் இருக்கிற ரிமோட்டில் ஒன்றுமில்லை, கேமராத் திரையில் இருக்கிற ரிமோட்டின் நெற்றியில் வெளிர் ஊதாவில் ஒரு பொட்டு வெளிச்சம் துடித்தது. விட்டால் அணைந்தது. அழுத்தினால் எரிந்தது. இத்தனை நேரமும் அவர் கையில் அது எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அப்படியானால் இந்த வீட்டில் இப்போது, இந்தக் கூடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் காதுக்குக் கேட்காமல் இன்னும் என்னென்ன எரிந்துகொண்டிருக்கிறது. போனை மெல்லத் திருப்பி நிலைப்படிப் பக்கம் காட்டினார். திரையில் நிலைப்படி இருந்தது, கொடியில் காய்கிற அவருடைய ஒற்றை வேட்டி இருந்தது. தன் அசட்டுத்தனத்தை நினைத்து வெட்கப்பட்டு வெடுக்கென்று திருப்பிக்கொண்டார்.

வீட்டில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அவள் போன பிறகு வந்தது, அல்லது அவள் போன பிறகுதான் இவர் கவனித்தார். மெல்லிசாக, ஊசி முனை மாதிரி ஒரு சத்தம், நிற்காமல். முதலில் ஃபிரிட்ஜ் என்று நினைத்தார், அணைத்துப் பார்த்தார். ஃபேனை அணைத்தார், மீட்டர் பெட்டியில் காதை வைத்தார், மெயினையே இறக்கிவிட்டு இருட்டில் நின்றார். சத்தம் அப்படியே இருந்தது. பழைய ஆட்கள் யாராவது கேட்டால் சிரிப்பார்கள், ஆவுடையப்பனுக்கா ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை? டிரான்ஸ்ஃபார்மர் இரைகிற இரைச்சலை வைத்தே லோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மீட்டரைப் பார்க்காமல் சொன்னவர். புது இன்ஜினியர் வந்தால் இவரை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போய், 'அண்ணாச்சி, இது என்ன சொல்லுதுன்னு கேளுங்க' என்று எண்ணெய் டாங்க் பக்கம் நிறுத்துவார்கள். நாற்காலியில் அசந்து தூங்கும்போதும், லைனில் பழுது வந்தால் தட்டுகிற ரிலே ஒன்று 'டிக்' என்றால் எழுந்து நிற்பார். அந்தக் காது. அந்தக் காதுக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தி கூப்பிட்டுக் கேட்கவில்லை என்றால், அதுதான் இப்போது நிற்காமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கேட்க வேண்டிய நாளில் கேட்காததை இனி ஆயுசுக்கும் கேள் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். குழாயைத் திறந்தால் அதற்குள் இந்தாருங்க, குக்கர் மூச்சுவிட்டால் அதற்குள் இந்தாருங்க, தலையணையில் ஒரு காதை அழுத்திப் படுத்தால் அந்தக் காதுக்குள் இருந்தே இந்தாருங்க. மயில்சாமி போனில் சார், சார் என்று கத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

"மயில்சாமி, ஒண்ணு கேக்கேன், யோசிச்சுச் சொல்லும்" என்றார். "ஏழு மாசம் ப்ளக்கப் பிடுங்கி வச்சா உள்ள இருக்கிற கெயின் எண்ணு அழிஞ்சு போகுமா? மறுபடி போட்டா நாப்பதுல இருந்துதான் ஆரம்பிக்குமா?" "இல்லீங்க சார். கடைசியா எதுல வச்சீங்களோ அதுலதான் நிக்கும். ஏழு மாசம் இல்ல, ஏழு வருசம் கழிச்சுப் போட்டாலும் ஞாபகம் வச்சிருக்கும்ங்க." "தானாக் கொறையாது?" மயில்சாமி சிரித்தார். "போன வருசம் இதையேதானுங்க மூணு தடவ சொன்னீங்க. அறுபதுல வச்சுட்டுக் குளிக்கப் போனேன், வந்து பாத்தா அம்பதுக்கு வந்துருச்சுன்னீங்க. பெட்டியக் கூரியர்ல வாங்கி ஒரு வாரம் ஓடவிட்டுப் பாத்தேன், ஒரு எண்ணு இறங்கலைங்க. அது தானாக் கொறையாதுங்க சார், ஒரு கை திருகாமக் கொறையாது." ஒரு கை. அன்று ஓடி வந்த கூட்டத்தில் யார் கை? யார் கையும் இல்லை, பக்கத்து வீட்டு ஜெபராணிதான் முதலில் ஓடி வந்தாள், சுவரோரம் இருந்த ப்ளக்கைத்தான் பிடுங்கினாள், பெட்டியின் பக்கம் யாரும் போகவில்லை. அப்படியானால் அவர் அறுபதில் வைத்துக் கண்ணை மூடிய பிறகு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காலடிச் சத்தம் இல்லாமல் உலகம்மாள் வந்திருக்கிறாள். அவர் முகத்தைப் பார்த்திருப்பாள். குமிழைப் பிடித்து அறுபதில் இருந்து நாற்பதுக்குத் திருகியிருப்பாள். அவர் விழிக்கவில்லை. தூங்கவே இல்லை, பாட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று ஊர் முழுக்கச் சத்தியம் செய்த மனுஷன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறார். பெட்டி பொய் சொல்லவில்லை, அவர்தான் சொல்லியிருக்கிறார், அது பொய் என்று தெரியாமலே.

"சார், இன்னொண்ணு பாருங்க" என்றார் மயில்சாமி. "முன்னால வலது பக்கம் கறுப்பா ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும் பாருங்க, அதுதானுங்க ரிமோட் வெளிச்சத்த வாங்குற கண்ணு. அத ஏதாச்சும் மறைக்குதுங்களா? ஆயுத பூஜை முடிஞ்சா வருசா வருசம் எனக்கு இதே மாதிரி பத்து போன் வரும்ங்க." ஆவுடையப்பன் குனிந்தார். கறுப்புக் கண்ணாடியைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில், கனமாக, வட்டமாக, காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் கறுத்துப் போன குங்குமம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். எத்தனை தடவை அதைப் பார்த்திருப்பார், பார்த்தும் பார்த்ததே இல்லை. மின்வாரியத்தில் அவரே எத்தனை பொட்டு வைத்திருப்பார், டிரான்ஸ்ஃபார்மருக்கு, பேனலுக்கு, கட்டிங் பிளேயருக்கு, லெட்ஜருக்குக்கூட, ஆனால் மீட்டர் கண்ணாடியின் மேல் வைக்கக் கூடாது என்று தெரிந்து ஓரமாக வைப்பார். வீட்டில் மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி எல்லாம் உலகம்மாள் பொறுப்பு. சக்களத்திக்கும் வைத்திருக்கிறாள், நெற்றி எது என்று தேடி, கறுப்பாகப் பளபளவென்று இருந்த இடத்தைப் பார்த்து, இதுதான் முகம் என்று வைத்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. தோளில் கிடந்த துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் துடைத்தார், இரண்டு தேய்ப்பில் கரைந்து வந்துவிட்டது, கண்ணாடி பளிச்சென்று ஆயிற்று. அப்புறம்தான் துண்டைப் பார்த்தார். மஞ்சளும் கறுப்புமாக ஒரு கறை. அது அவள் விரல். ஆயுத பூஜையன்று மோதிர விரலால் அழுத்தி வைத்த இடத்தில் விரலின் பள்ளம் இருந்திருக்கும், ரேகை கூட இருந்திருக்கும், பார்க்கவில்லையே. அவளுடைய சேலைகளை மகள் எடுத்துப் போனாள், செருப்பை யாரோ தூக்கிப் போட்டார்கள், விரல் வைத்த இடம் ஒன்று மிச்சமிருந்தது, அதையும் தூத்துக்குடிக்காரனுக்காகத் துடைத்துப் போட்டாயா மூதேவி என்று தன்னையே வைதார். நிஜமாகவே அழுகை வந்தது, சின்னப் பையன் மாதிரி விக்கி விக்கி அழுதார். போனில் மயில்சாமி எப்போது வைத்தார் என்று தெரியவில்லை.

ரிமோட்டை அழுத்தினார். நாற்பத்திரண்டு. நாற்பத்து நாலு. கைக்குக் கட்டுப்பட்டு எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, அதுவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டிக்கொண்டிருந்த ஒரு நினைப்பு சட்டென்று கதவைத் திறந்துகொண்டு வந்தது. அன்று பாட்டு நாற்பதில் இருந்தது. நாற்பதில் நாகஸ்வரம் என்ன விழுங்கும்? கொசுவைக்கூட விழுங்காது. அவ்வளவு அமைதியான கூடத்தில், ரிலே 'டிக்' என்றால் எழுந்து நிற்கிற ஆவுடையப்பனை, பின்னால் நின்று அவள் கூப்பிட்டிருந்தால் அவர் எழுந்திருக்கமாட்டாரா? எழுந்திருப்பார். எழவில்லை. ஆகவே அவள் கூப்பிடவில்லை. கூப்பிட நேரமே இல்லை. டாக்டர் சொன்ன ஒரு நிமிஷம்தான், பத்து நிமிஷம் இல்லவே இல்லை, உள்ளே வந்தாள், வலியே தெரியாமல் சரிந்தாள். கணக்கு அவ்வளவுதான். மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்த்தார், விடை மாறவில்லை. ஏழு மாதமாகக் கழுத்தில் கிடந்த கல் இறங்கியது போல நெஞ்சு லேசாகவும், அதை நம்பக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பெட்டி கொலைகாரனும் இல்லை, அவரும் இல்லை. பெட்டிதான் ஞாபகம் வைத்திருந்து சாட்சி சொல்லியிருக்கிறது, இதைப் போய் விற்கப் பார்த்தோமே, தூத்துக்குடிக்காரனுக்குப் போன் போட்டு வராதே என்று சொல்லிவிட வேண்டும். அதே நாகஸ்வரத் தட்டை எடுத்தார். பஞ்சால் துடைத்தார், முள்ளில் இருந்த தூசியை ஊதினார், நாற்பதில் வைத்து இறக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. பின்னே, நாற்பதில் என்ன கேட்கும், அதைத்தானே சொல்கிறேன் என்று தனக்குள் வெற்றியாகச் சொல்லிக்கொண்டார். ஐம்பது. எங்கோ நாலு தெரு தள்ளிக் கல்யாணம். முன்பு ஐம்பதிலேயே நன்றாக இருக்குமே, முள் தேய்ந்திருக்கும், ஏழு மாதம் சும்மா கிடந்ததல்லவா. அறுபது. தெருமுனைக்கு வந்தது கல்யாணம். அறுபத்தாறு, அதற்கு மேல் இல்லை, ஆம்பிளிஃபயரையும் முக்கால் திருப்பு திருப்பினார். இப்போது சரி. இப்போது தவில் தவிலாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்தார், கண்ணை மட்டும் மூடவில்லை.

அதனால்தான் தரையில் நிழல் நீண்டதைப் பார்த்தார். திரும்பினால் பின்கட்டு நிலைப்படியில், உலகம்மாள் கிடந்த இடத்துக்கு நேர் பின்னால், ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒரு கணம்தான், அப்புறம் அது ஜெபராணி என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி, உலகம்மாளுக்கு உயிர்ச் சிநேகிதி, இடுப்பில் ஒரு வயதுப் பேரன் முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தான். ஆவுடையப்பன் எழுந்து முள்ளைத் தூக்கினார். "…எவ்வளவு நேரமாக் கூப்புடுதேன் அண்ணாச்சி! வாசல்ல பெல்ல அடிச்சேன், கதவத் தட்டுனேன், ஒண்ணுக்கும் அசையல, என்னமோ ஏதோன்னு பொறவாசல் வழியா ஓடி வாரேன். பிள்ள அரண்டு போயி எந்திச்சிட்டான். தெருவே அதிருது, என்ன இப்பிடி வச்சிருக்கிய?" என்று கத்தினாள். அதிருதா? "இப்பதான் ஒழுங்காக் கேக்குது" என்றார் அவர். ஜெபராணி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் எங்கோ பார்த்திருக்கிறார், உலகம்மாள் முகத்தில், போன வருஷம் முழுக்க, ஆனால் அதைப் பற்றி நினைக்க இப்போது நேரமில்லை, சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்து நின்றது. "ஜெபராணி, ஒரு விசயம் கேளு. அன்னைக்கு அவ கூப்புடவே இல்ல. பாட்டக் கொறச்சு வச்சிருக்கா பாத்துக்கோ, நாப்பதுல. கூப்புட்டிருந்தா நான் எந்திச்சிருப்பேன். கூப்புட நேரமில்ல. அப்பிடியே போயிட்டா மகராசி, வலியே இல்லாம." சொல்லிவிட்டு அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தார். ஜெபராணி பேரனை ஒரு இடுப்பில் இருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள். "என்னது?" மறுபடி சொன்னாள். "சத்தமாச் சொல்லு, பாட்டு ஓடுதுல்லா" என்றார். "பாட்ட நிப்பாட்டியாச்சு அண்ணாச்சி" என்றாள் அவள். திரும்பிப் பார்த்தார். தட்டு சுழன்றுகொண்டிருந்தது, முள் அவரே தூக்கிய இடத்தில் நின்றிருந்தது. கூடத்தில் அந்த ஊசிச் சத்தம் மட்டும், அதுவும் கூடத்தில்தானா.

அதற்குப் பிறகு ஜெபராணி கத்தித்தான் சொன்னாள். அழுகிற விஷயத்தைக் கத்திச் சொன்னால் சண்டை மாதிரிதான் இருக்கும், தெருவில் காய்கறி வண்டிக்காரன் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். "கூப்புடலதான் அண்ணாச்சி! கூப்புட்டா ஒங்களுக்குக் கேக்காதுன்னு அக்காவுக்குத் தெரியும். ஒன்றரை வருசமாத் தெரியும். யாருட்டயும் சொல்லிராதட்டீ, ஆபீசுல காதுக்குப் பேரெடுத்த மனுசன், தெரிஞ்சா ஒடைஞ்சு போவாகன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கினா. நீங்க ஏத்தி வைப்பிய, எம் பேரன் அப்பம் பச்சப்பிள்ள, அவன் தூங்கட்டும்னு அவ வந்து கொறைப்பா. அன்னைக்கும் கொறச்சு வச்சிட்டுத்தான் பொறவாசல் மதில்ல வந்து நின்னா. நெஞ்ச என்னமோ செய்யுது ஜெபான்னா. அண்ணாச்சியக் கூப்புடட்டான்னு கேட்டேன். நீ கூப்புட்டா மட்டும் கேக்கவா போவுது, நானே போயித் தொட்டு எழுப்புதேன்னு நடந்து போனா. நல்லாத்தான் நடந்து போனா. நான் அடுப்புல மீன வச்சிருந்தேன், உள்ள போயிட்டேன். கூடப் போயிருக்கணும் அண்ணாச்சி. கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போயிருந்தா ஒங்களத் தொட்டிருப்பா. ஏழு மாசமா எனக்கு ஒறக்கமில்ல, ஒங்க மூஞ்சியப் பாக்க முடியல." பேரன் அவள் கத்தலுக்குப் பயந்து அழுகையை நிறுத்தியிருந்தான். ஆவுடையப்பனுக்கு எல்லாம் கேட்டது. அத்தனையும் முதல் தடவையிலேயே கேட்டது, அவ்வளவு சத்தமாகச் சொன்னாள். கடைசி வருஷம் உலகம்மாளும் இப்படித்தான் பேசினாள், சாப்பிட வாங்க என்பதைக்கூடக் கத்தித்தான் சொன்னாள், 'ஒங்க அம்மைக்கு வயசாக வயசாக வாய் நீண்டு போச்சு' என்று மகளிடம் இவர் குறைப்பட்டிருக்கிறார், பதிலுக்கு இவரும் கத்தியிருக்கிறார். கோபக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு போனாளே தவிர, உங்களுக்குக் காது கேட்கவில்லை என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போய்விட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள், அத்தனை தூரம், வாயைத் திறக்காமல். சாகிற நேரத்தில் ஊருக்கெல்லாம் ஒரு கூப்பாடு இருக்கிறது, அவளுக்கு அது கூட இல்லாமல் செய்தது யார்.

ஜெபராணி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலை குனிந்திருந்தது, தோள் குலுங்கியது. அவளைப் பார்க்கப் பார்க்க ஆவுடையப்பனுக்குத் தன் ஏழு மாதம் ஞாபகம் வந்தது, குக்கரும் குழாயும் தலையணையும், அது மாதிரி பக்கத்து வீட்டில் ஒரு மீன்சட்டியை வைத்துக்கொண்டு இவளும் கிடந்திருக்கிறாள். இது ஒரு வீட்டோடு போதும் என்று தோன்றியது. "தொட்டா" என்றார். அவள் நிமிர்ந்தாள். "தொட்டாம்மா. அவ வந்துசேந்துட்டா. தோளத் தொட்டா. நான்தான் தூக்கக் கலக்கத்துல ஈயின்னு நெனச்சித் தட்டி விட்டுட்டேன். இதுல ஒன் தப்பு ஒண்ணும் இல்ல, நீ போயிப் பிள்ளைக்குப் பாலக் குடு." உரக்கச் சொன்னார், அவளுக்குக் காது கேட்காதது மாதிரி. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் முகத்தைத் துடைத்தாள், நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. மூச்சு ஒன்று அவளிடமிருந்து இறங்கியதைக் கேட்கவில்லை, பார்த்தார். வாரேன் அண்ணாச்சி என்று உதடு அசைந்தது, போய்விட்டாள்.

அவளுக்காகச் சொன்ன பொய். சொல்லி முடிக்கிற வரைக்கும் அது பொய்யாகத்தான் இருந்தது. அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஈ என்று ஏன் வாயில் வந்தது? கனவு என்று சொல்லியிருக்கலாம், காற்று என்று சொல்லியிருக்கலாம். அன்று எழுந்தபோது தோளில் கிடந்த துண்டு தரையில் கிடந்ததே, அது எப்படி விழுந்தது? தூங்குகிறவன் தோளில் இருந்து துண்டு தானாக நழுவாதா, நழுவும். தூக்கத்தில் ஈரமாக, ஜில்லென்று, என்னவோ ஒன்று இடது தோளில் உட்கார்ந்ததும், கை தானாக எழுந்து அதைத் தட்டிவிட்டதும் நடந்ததா, அல்லது இப்போது சொன்னதால் நடந்ததாக ஆகிவிட்டதா? அவளுடைய கை ஈரமாக இருந்தது. நினைவு வரவில்லை, வராமலும் இல்லை. தட்டு இன்னும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது, நிறுத்த எழ வேண்டும், எழவில்லை. இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வலது கை பாதிவரை உயர்ந்தது. அதற்கு மேல் கொண்டுபோக அவருக்குப் பயமாக இருந்தது.